அயனுக்கு அரைப்பேர்

"செவ்வாய்க்கிழமை. காலை முழுக்க மூடுபனி, பதினொன்றரைக்கு மேல் தூறல். வட்டம் இன்று மடிந்தது. பேராசிரியர் திருப்தி. எல்லோருக்கும் தேநீர்."

என் வேலைக்காலக் குறிப்பேடுகளில் எட்டாவதில், ஓர் ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். எந்த ஆண்டு என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் ஆண்டுகளை மட்டும் விட்டுவிடுகிறேன். கிழமை, நேரம், மழை ஆகியவை சரியானவை.

பதுளையில் நான் வேலை பார்த்த கல்வி நிலையத்தின் பௌதிகத் துறை ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைக் கேட்டு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. "மகிழ்ச்சியான நினைவுகளாக இருப்பது விரும்பத்தக்கது" என்று அதில் ஒரு வரி. துறையில் நான் கண்ட மகிழ்ச்சிகளில் பெரியது மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைதான். அது தவறான மகிழ்ச்சி என்று பின்னால் தெரிந்தது. மலர்க் குழு தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் உயர்தரம் தேறிய பிறகு, பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் செக்ரோல் எழுதினேன். செக்ரோல் என்றால் தொழிலாளர் வரவுப் பதிவேடு. காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் யார் யார் வந்தார்கள் என்று குறிக்க வேண்டும். மாலையில் யார் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று குறிக்க வேண்டும். குறித்த எடையை எட்டியவருக்கு ஒரு பேர். எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அன்றைக்கு அவர் அரை நாள்தான் வேலை செய்தார் என்று பொருள். பிறகு நிலையத்தில் கணினி உதவியாளர் வேலை கிடைத்தது. கொழும்பில் ஆறு வாரம் போர்ட்ரான் மொழி கற்றுத் தந்தார்கள். கற்றுத் தந்தவர் எங்களைவிட ஓர் அத்தியாயம் முன்னால் இருந்தார். ஐந்தாம் வாரம் நாங்கள் அவரை எட்டிப் பிடித்துவிட்டோம். ஆறாம் வாரம் எல்லோரும் சேர்ந்து சான்றிதழுக்காகக் காத்திருந்தோம்.

திரும்பி வந்தபோது எங்கள் அறை வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. "துருவ ஒளிப் பிரதேச அயன் மண்டலத்தில் அயன்களின் வேகப் பரம்பலை மாதிரியாக்கும் செயற்றிட்டம்" என்று மூன்று மொழிகளில். பலகை கதவைவிட அகலம். கதவைத் திறந்தால் பலகையின் ஓரம் இடிக்கும் என்பதால் கடைசிவரை நாங்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே போனோம்.

துருவ ஒளி பதுளையில் தெரியாது. பூமியின் வடக்கோரத்திலும் தெற்கோரத்திலும்தான் தெரியும். பிறகு ஏன் பதுளையில் அதற்கு ஒரு செயற்றிட்டம் என்று கேட்காத விருந்தாளி இல்லை. விடை எளிது. எங்கள் பேராசிரியர் இளமையில் வட துருவத்தை ஒட்டிய ஒரு வடநாட்டில் படித்தவர். அங்கே அவருடைய பழைய சகாக்களிடம் வானத்தைப் பார்க்கும் ராடர் ஒன்று இருந்தது, பொறுமையாகக் கணக்குப் போட ஆள் இல்லை. எங்களிடம் ஆள் இருந்தது. வானத்தில் மூடுபனி.

கணினி அறைத் திறப்பு விழாவுக்கு மாகாணத்துப் பிரமுகர் ஒருவர் வந்தார். பச்சை வெளிச்சம் வானத்தில் திரைச்சீலை போல ஆடும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது நம் பக்கம் எப்போது வரும் என்று கேட்டார். வராது, அப்படி நம் பக்கம் வந்தால் உலகத்துக்கே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் என்று பேராசிரியர் பணிவாகச் சொன்னார். பிரமுகர் நம்பிக்கையை விடவில்லை. "எல்ல ஊருக்கு அவ்வளவு வெள்ளைக்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்க. அங்கன ஒரு மேடை கட்டி வச்சுக்குவோம். வர்றப்ப வரட்டும்" என்றார். மேடைக்கான கோப்பு உண்மையாகவே திறக்கப்பட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் செய்த வேலை இதுதான். தரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் காற்று மிக மெல்லியது. அங்கே ஒட்சிசன் அணுக்கள் சில, ஓர் இலத்திரனை இழந்து அயன்களாகத் திரிகின்றன. துருவ ஒளி தோன்றும் இடத்தில் வலுவான மின்புலம் அந்த அயன்களைத் தள்ளுகிறது. பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட அயன், மணிக்கூண்டுச் சந்தியில் வழி தெரியாத வண்டியைப் போலச் சுற்றிச் சுற்றி வரும். சுற்றும்போது சாதாரண அணு ஒன்று எதிர்ப்பட்டால், இந்த அயன் அதனிடமிருந்து ஓர் இலத்திரனை வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடும். இலத்திரனைக் கொடுத்த அணு புதிய அயனாகி, நின்ற இடத்திலிருந்து தன் சுற்றைத் தொடங்கும். இது ஓயாமல் நடக்கும்.

இப்படிச் சுற்றுகிற அயன்களில் எத்தனை எந்த வேகத்தில் போகின்றன என்று வரைந்தால், நடுவில் மேடாகக் குவியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மின்புலம் வலுவாக இருந்தால் அப்படி வராது. நடுவில் குழி விழும், சுற்றிலும் வளையம். உளுந்து வடையை மேலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. இதைச் சொல்ல உலகம் முழுக்க அறிஞர்கள் கடினமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் துறையில் வடை என்றே சொன்னோம். அறிக்கைகளில் மட்டும் "வட்டம்".

ஓர் அயனைக் கணினிக்குள் பிறக்க வைத்து, சுற்ற விட்டு, எப்போது எதனோடு மோதும் என்பதைத் தாயக் கட்டை உருட்டுவது போல எண்கள் உருட்டித் தீர்மானித்து, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. இலட்சக்கணக்கில். எனக்கு அது புதிய வேலையாகவே தோன்றவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு முந்திய நாளின் அயன்களுக்குப் பெரட்டு எடுத்தேன். எத்தனை புறப்பட்டன, எத்தனை சுற்றை முடித்தன, எத்தனை பாதியில் ஓய்ந்தன. தோட்டத்தில் போலவே நீல மையில் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டேன்.

பேராசிரியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். வேட்டிச் சோடி வந்து இறங்கினால், ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டாக மடித்து, கரையோடு கரை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் சரக்கை ஏற்றுக்கொள்வாராம். மகன் பௌதிகம் படித்தார், பட்டம் வாங்கினார், பனி நாட்டில் ஐந்து குளிர்காலம் கழித்தார். மடிப்பை மட்டும் விடவில்லை.

நான் வரைபடத்தை மெல்லிய தாளில் அச்சிட்டுக் கொண்டுபோவேன். தடித்த தாள் கூடாது என்பது உத்தரவு. அவர் இரண்டு கைகளையும் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். தாளை வட்டத்தின் நடுக்கோட்டில் மடிப்பார். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை ஓட்டுவார். பிறகு நமுனுகுலை மலை தெரியும் சன்னலுக்குப் போய், தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொள்வார். ஒரு பாதி வட்டத்தின் மேல் மறு பாதி சரியாக உட்கார்ந்தால் "சுத்தம்" என்பார். கொஞ்சம் விலகினால் "பரவாயில்ல". உட்காராவிட்டால் எதுவும் பேசாமல், தாளை நான்காக மடித்து என் கையில் கொடுப்பார். அவருடைய அறையிலிருந்து நான்காக மடித்த தாளோடு வெளியே வருகிறவரிடம் அன்றைக்கு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இதைக் கேலியாக மட்டும் எழுதிவிட்டால் அநியாயம். அவருடைய இளமைக்காலச் சமன்பாடு, வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருக்கும் என்ற அனுமானத்தில் எழுந்தது. மிக உயரத்தில் அது சரி. அங்கே காற்று மெலிவு, மோதல் அரிது, ஓர் அயன் பல சுற்றுச் சுற்றிய பிறகே ஓயும். ஆகவே வட்டம் சீராக வரும், மடித்தால் பொருந்தும். எங்களுடைய முதல் சில ஆண்டுப் படங்கள் எல்லாம் "சுத்தம்" வாங்கியவைதான்.

தொல்லை கீழே இறங்கியபோது வந்தது. வடநாட்டவர்கள் குறைந்த உயரத்துக்கும் கணக்குக் கேட்டார்கள். கீழே காற்று அடர்த்தி. அயன்களில் பாதிக்கு மேல் முதல் சுற்றையே முடிக்காமல் ஓய்ந்தன. வட்டம் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வந்தது. நான்கு மாதம் நான்காக மடித்த தாள்களை மேசை இழுப்பறையில் அடுக்கினேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் பேராசிரியர் வாய் திறந்தார்.

"ஒரு சுத்து முழுசாப் போகாததெல்லாம் அரைகுறைதான சண்முகம்? அதையும் முழுசையும் ஒரே தராசுல போட்டா எப்படிப் பொருந்தும்? நீங்க பாத்து ஏதாவது செய்ங்க."

பாத்து ஏதாவது செய்யச் சொன்னால் அவனவன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வான். நான் செக்ரோல் எழுதியவன். சுற்றை முடிக்காத அயன் ஒவ்வொன்றின் நேரத்தையும் பாதியாக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பாதிக்கு ஏ.பி. என்று பெயர் வைத்தேன். தடித்த பக்கம் இளைத்தது. முற்றாகச் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பேராசிரியரின் பழைய மூக்குக்கண்ணாடிக்குப் போதுமான அளவு பொருந்தியது. அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. "சுத்தம்" என்றார், அதுவும் இரண்டு தடவை.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நடைவழிச் சுவரில் மாட்டினார்கள். ஆண்டறிக்கையின் அட்டைக்கும் அதுவே போனது. நிலைய வட்டம் என்று பெயர் நிலைத்தது. வடநாட்டிலிருந்து "மிக அழகாக இருக்கிறது" என்று பதில் வந்தபோது பேராசிரியர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். சரிபார்க்காத ஒன்றைத்தான் அறிஞர்கள் அழகு என்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்படியே பல ஆண்டுகள் போயின. ஒரு தை மாதத் திங்கட்கிழமை யோகராணி மிஸ் தற்காலிக விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். பூனாகலையில் பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். எங்கள் துறையில் விரிவுரை செய்ய தோட்டத்து லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து வந்த முதல் ஆள். வேலையோடு முதுநிலைப் பட்ட ஆய்வும் செய்தார். அந்தப் பட்டம் கைக்கு வந்தால்தான் பதவி நிரந்தரமாகும். முதல் ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தை ஒரு தடவை நீடித்திருந்தார்கள், மறு தடவை நீடிக்க விதியில்லை. இரண்டாம் ஆண்டு மார்கழி முடிவுக்குள் ஆய்வேடு ஏற்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் எங்கள் பழைய நிரலைக் கேட்டு வாங்காமல், புதிய மொழியில் தானே ஒன்றை முதலிலிருந்து எழுதினார். எங்கள் துறையில் அது பெரியவர்களுக்கு முன் கால்மேல் கால் போடுவதற்குச் சமம். அதைவிட மோசம், அதே குறைந்த உயரத்துக்கு அவர் போட்ட வட்டம் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் தேய்ந்துகொண்டே போய், தொடங்கிய இடத்தில் திடீரென்று மறுபடி தடித்தது. பேராசிரியர் மூன்று தடவை நான்காக மடித்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை மட்டும், நிரலில் எங்கோ பிசகு இருக்கிறது, நிலைய வட்டத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துங்கள் என்று அன்பாகவே சொன்னார்.

துறையின் எழுதுவினைஞர் சும்மா இருக்கவில்லை. தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மிஸ், நம்ம வடைய யாரு கடிச்சது?" என்றார்.

மிஸ் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சுவத்துல தொங்குற வடைய எலிகூடக் கடிக்காதுங்க. அதான் அது முழுசா இருக்கு."

எழுதுவினைஞரின் கேள்விக்கு எழுந்த சிரிப்பில் நானும் சேர்ந்திருந்தேன். அதை இங்கே பதிந்துவைப்பது நியாயம்.

அந்த இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. அட்டவணைப்படி மூன்று மணிக்கு மின்வெட்டு. மிஸ் எங்கள் பழைய நிரலின் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தன்னுடைய நிரலில் பிசகைத் தேடித் தேடிக் காணாமல், இப்போது எங்களுடையதில் தேடுவது தெரிந்தது. ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இந்த ஏ.பி. என்னங்கண்ணே? எந்தப் புத்தகத்துலயும் காணோமே."

"அது புத்தகத்துல இருக்காதுங்க மிஸ். நான் வச்சது. அரைப்பேரு."

"யாருக்கு?"

"சுத்து முடிக்காத அயனுக்கு."

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அயனுக்குமா அண்ணே அரைப்பேர் போட்டீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று அடக்குகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"மழ பேஞ்சு கொழுந்து கொறஞ்ச நாளெல்லாம் எங்கம்மாவுக்கு அரைப்பேருதான். ஆனா அம்மா மலையில நின்னது அரை நாள் இல்லைங்கண்ணே. முழு நாளும் நின்னுச்சு. கால்ல அட்டை கடிச்சதுகூட முழு நாள் கடிதான்." பென்சிலால் அந்த வரியைத் தட்டினார். "நாம எண்றது அயன் எத்தன சுத்து முடிச்சிச்சுன்னு இல்லையே. எந்த வேகத்துல எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னுதானே? இருந்த நேரம் இருந்த நேரந்தானே?"

இருந்த நேரம் இருந்த நேரம்தான். இதைக் கண்டுபிடிக்க முதுநிலைப் பட்டம் தேவையில்லை. ஆனாலும் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள், ஒரு பேராசிரியரும், ஆண்டறிக்கைக் குழுவும், வடநாட்டு அறிஞர்களும், தினமும் பெரட்டு எடுத்த நானும் அதைக் காணவில்லை. மூன்று மணிக்கு மின்சாரம் சொன்னபடி போனது. மிஸ் தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்கவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களுக்கு என் குறிப்பேட்டில் மழை அளவு மட்டுமே இருக்கிறது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பங்குனியில் எனக்கு ஓய்வு. "குற்றமற்ற சேவை" என்ற சான்றிதழின் வாசகம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது, நானே எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்காவிட்டால் மிஸ்ஸின் ஆய்வேடு நிலைய வட்டத்தோடு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பப்படும். அவர் மார்கழியோடு போய்விடுவார். நான் கழுத்தில் மாலையோடு போவேன்.

திங்கட்கிழமை காலை எட்டு ஐந்துக்கு ஏ.பி. வரியை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட விட்டேன். மின்வெட்டால் ஒன்பது வேலைநாட்கள் பிடித்தன. வந்த படத்தை மிஸ்ஸின் படத்தின் மேல் வைத்துச் சன்னலில் பிடித்தேன். தடித்த இடத்தில் தடிப்பு, மெலிந்த இடத்தில் மெலிவு. இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கைதுடைத்து, மடித்து, நகம் ஓட்டி, சன்னலுக்குப் போகும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போலத் தாளை நான்காக மடிக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"பாத்து ஏதாவது செய்ங்கன்னு சொன்னது நாந்தானே?"

"செஞ்சது நானுங்க சேர்."

"எழுத்துல குடுங்க" என்றார்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். அந்தக் கடிதம் போன பாதையை அயனின் பாதையைவிடக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறேன். துறையிலிருந்து நிர்வாகப் பிரிவுக்கு, அங்கிருந்து பீடச் சபைக்கு, அங்கிருந்து மறுபடி துறைக்கு. அங்கீகரிக்கப்பட்ட பெறுபேறு ஒன்றைத் திருத்த வேண்டுமானால் உரிய படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று குறிப்பு. அப்படி ஒரு படிவம் இல்லை. இதுவரை யாரும் எதையும் திருத்தக் கேட்டதில்லை. படிவத்தை வரைய ஓர் உபகுழு அமைத்தார்கள். உபகுழு கூடுவதற்குள் மிஸ்ஸின் வாய்மொழிப் பரீட்சை வந்துவிட்டது.

மார்கழி, புதன்கிழமை, காலை பத்து மணி. வெளிப் பரீட்சகர் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தார். தலைமை எங்கள் பேராசிரியர். திரையில் படம் காட்டும் கருவியை இயக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் கடிதம் உபகுழுவிடம் இருந்ததால் அது சட்டப்படி எழுதப்படாத கடிதம். ஆகவே பரீட்சையில் அதைப் பற்றி யாரும் பேச முடியாது என்று எழுதுவினைஞர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

வெளிப் பரீட்சகர் நடைவழியில் சட்டம் போட்ட வட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். முதல் கேள்வியே அதுதான். உங்கள் துறையின் வட்டம் சீராக இருக்கிறது, உங்களுடையது ஏன் கோணல்?

மிஸ் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்ன விடையைப் பிறகு பேராசிரியருக்காகத் தமிழில் சுருக்கினார். அப்படிச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்கப் போகிறார் என்பது போல அவரைப் பார்த்துச் சொன்னார். "புறப்படுற இடம் எல்லா அயனுக்கும் ஒண்ணுதான் சேர். முடியிற இடந்தான் வேற வேற. பாதியில நின்னதும் அந்தத் தொடக்கத்தக் கடந்துதான் போச்சு. அதனால தொடக்கத்துப் பக்கம் கூட்டம் இருக்கத்தான் செய்யும். அத எடுத்துட்டா வட்டம் அழகா வரும். ஆனா அது நடந்தது இல்ல."

பேராசிரியர் கையை நீட்டி அந்தப் படத்தை வாங்கினார். கைக்குட்டையை எடுத்தார். நடுக்கோட்டில் மடித்தார், பொருந்தவில்லை. தாளைக் கொஞ்சம் திருப்பி வேறு கோட்டில் மடித்தார். பொருந்தவில்லை. குறுக்கே மடித்தார். மூலையிலிருந்து மூலைக்கு மடித்தார். அறையில் தாள் சரசரக்கும் ஓசை மட்டும் கேட்டது. குடையைச் சதுரப் பொட்டலமாகக் கட்டப் பார்க்கும் கடைக்காரரைப் போல இருந்தார். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிஸ் நின்றுகொண்டே இருந்தார்.

எட்டாவது மடிப்புக்குப் பிறகு பேராசிரியர் தாளை முழுக்கப் பிரித்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி விட்டார்.

"இது மடிக்கிற சரக்கு இல்ல" என்றார். "விரிச்சு வச்சுத்தான் பாக்கணும்."

"அப்ப சுவரில இருக்கிறது?" என்று வெளிப் பரீட்சகர் கேட்டார்.

"அது சுவருக்குச் செஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஆய்வேடு சிறு திருத்தங்களோடு ஏற்கப்பட்டது. நேரம் பதினொன்று ஐம்பது.

நான் பார்த்த நல்ல காரியம் அவ்வளவுதான். மற்றதை நிலையம் தன் வழக்கப்படி செய்தது. கூட்டக் குறிப்பில் இரண்டு வட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு "முன்னைய கணக்கீட்டின்போது ஏற்பட்ட மின்தடை காரணமாக" நேர்ந்தது என்று பதிவாயிற்று. இது பொய். முன்னைய கணக்கீட்டு நாட்களில் மின்தடை எதுவும் இல்லை. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஆதாரம் இருக்கிறது. பிழை என்னுடையது, என் பெயரிலேயே பதியுங்கள் என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். பிழைக்கு ஏற்கெனவே காரணம் கிடைத்துவிட்டதால் இன்னொரு காரணம் தேவையில்லை என்று பதில் வந்தது. குற்றமற்ற சேவைச் சான்றிதழைப் பங்குனியில் மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நடைவழி வட்டத்தை எடுத்தால் சுவரில் வெளிறாத சதுரம் தெரியும் என்பதால் அதை எடுக்கவில்லை. கீழே "மின்தடைக் காலத்துக்குரியது" என்று ஒரு சிறு அட்டை மட்டும் ஒட்டினார்கள். படிவ உபகுழு இன்னும் கலைக்கப்படவில்லை.

மிஸ்ஸின் பதவி நிரந்தரமானது. நியமனக் கடிதம் தாங்கிய அஞ்சல் உறையின் திகதி முத்திரை மங்கலாக இருந்தது. ஆகவே எந்த நாளில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆண்டு முடிவதற்குள் வந்துவிட்டது என்பது உறுதி.

திருத்திய வட்டத்தை வடநாட்டுக்கு அனுப்பி, உங்கள் ராடரில் இப்படித் தெரிகிறதா என்று மிஸ் கேட்டார். இந்த முறை அழகு என்று பதில் வரவில்லை. நீளமான பதில் வந்தது. அவர்களுடைய ராடர் வானத்தை ஒரே திசையிலிருந்து பார்க்கிறது. அந்தத் திசையிலிருந்து பார்த்தால் தடித்த பக்கமும் மெலிந்த பக்கமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துவிடும். வேறு பக்கமிருந்தும் பார்த்தால்தான் தெரியும். அதற்கான இரண்டாவது கருவி பழுது பார்க்கப்படுகிறதாம்.

இந்தக் கட்டுரையை முடிக்கும் முன் நேற்று, புதன்கிழமை, மாலை நான்கே காலுக்கு மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, ஏதாவது தெரிந்ததா என்று விசாரித்தேன். இன்னும் பார்க்கவில்லையாம். பார்த்து, வானத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இல்லன்னா இல்லன்னு எழுதணுங்கண்ணே" என்றார். "இப்பதான் நிரந்தரமாக்கிட்டாங்களே. தைரியமா எழுதலாம்."

அந்தக் குறைந்த உயரத்தில் வட்டம் ஒரு பக்கம் தடித்திருக்கிறது என்று இரண்டு கணக்குகள் சொல்கின்றன. வானத்திலும் அப்படித்தானா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.